வலி மாத்திரையும் அமானிதமும்

 

சென்ற சில மாதங்களாக ஒரே விஷயத்தைப் பற்றி நம்மிடம் இரண்டு விதமான பேச்சுக்கள் வந்து கொண்டிருக்கின்றன. ஆபரேஷன் செய்து கொண்ட பெரியவர்கள், "டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் அபின் சத்து இருக்கிறதாமே, லாகிரி வஸ்துவை நாம் சாப்பிடலாமா?" என்று கேட்கின்றனர். கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களோ, "முதலாளி மிச்சம் வைத்திருந்த மாத்திரை இரண்டு தந்தார், நல்ல சுகம், இன்னும் கிடைக்குமா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்வதாகக் கேள்விப்படுகிறோம். முன்னவர் சாப்பிட வேண்டியதைச் சாப்பிடாமல் கஷ்டப்படுகிறார். பின்னவர் தமக்கென்று கொடுக்கப்படாததைச் சாப்பிட்டு ஆபத்தில் சிக்குகிறார். ஆகவே இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

நாம் வைத்தியரல்ல. எந்த நோயாளிக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை அவரவர் டாக்டரும் மருந்தாளரும்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னதைக் கேட்டு நடப்பதில் நம்மவர்கள் எங்கே இடறி விழுகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டதால் இதை எழுதுகிறோம்.

நமக்கு நன்கு பழக்கமான ஒரு பெரியவர், நாற்பது வருஷம் மளிகைக்கடை நடத்தியவர், குடலிறக்கத்திற்காக ஆபரேஷன் செய்து கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது ஐந்து நாளைக்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. "வாப்பா, ஒன்றாவது போடுங்களேன்" என்று மகன் கெஞ்சினான். "உர்வா அவர்கள் போட்டார்களா? போய் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டார். வலிக்குப் பயந்து அவரால் மூச்சை ஆழமாக இழுக்க முடியவில்லை, இருமவும் முடியவில்லை, படுக்கையை விட்டு எழுந்து நடக்கவும் இல்லை. சளி நெஞ்சிலே தங்கிவிட்டது. ஏழாம் நாள் நிமோனியாக் காய்ச்சலோடு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார். அல்லாஹ் காப்பாற்றினான். ஆபரேஷன் மேஜையில் மயக்க மருந்து ஏற்றியபோது மறுக்காதவர், வீட்டுக்கு வந்து மாத்திரையை மறுத்தாரே என்று அவர் மகன் இன்றும் நம்மிடம் சொல்லி வருந்துவதுண்டு.

அவர் சொன்ன உர்வா யார்? மதீனாவின் ஏழு பெரும் சட்ட மேதைகளில் ஒருவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களுடைய மகனார், உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்). கலீபா வலீதைக் காணச் சென்ற பயணத்தில் அவர்களுடைய காலில் புண் அழுகி ஏறியது. காலை அறுக்க வேண்டும் என்றார்கள் வைத்தியர்கள். அறிவை மறக்கச் செய்யும் பானம் ஒன்றைக் குடிக்கச் சொன்னபோது அவர்கள் மறுத்து, இறை நினைவிலேயே இருந்து அறுத்துக் கொண்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. நம் மேடைகளில் இதைச் சொல்லாத ஆலிம் இல்லை. கேட்டுக் கண் கலங்காதவரும் இல்லை.

ஆனால் சகோதரர்களே, அந்த மகான் தமக்கென்று தேர்ந்து கொண்ட பொறுமை அது. பிறருக்கு அதை அவர்கள் கடமையாக்கவில்லை. இதே போன்ற நிலையைப் பிற்காலத்தில் ஆராய்ந்த ஷாபிஈ மத்ஹபின் பேரிமாம் நவவி (ரஹ்) அவர்கள், அழுகிய உறுப்பை வெட்ட வேண்டி வரும்போது அறிவை மறக்கச் செய்யும் மருந்தைக் கொடுப்பது ஆகும் என்ற கருத்தையே சரியானதெனக் கொண்டார்கள். அவர்கள் ஹிஜ்ரி 676-ல் மறைந்தவர்கள். இன்றைய மாத்திரைகள் எதுவும் இல்லாத காலத்திலேயே கேள்வியும் இருந்தது, விடையும் இருந்தது. ஹனபி உலமாக்களும் மதுவைப் பற்றிப் பேசுவதைப் போல் அபினைப் பற்றிப் பேசவில்லை. விளையாட்டுக்கும் சுகத்துக்கும் உண்பது விலக்கப்பட்டது, வைத்தியத்துக்குத் தேவையான அளவு கொள்வது வேறு என்று பிரித்தே சொல்லியிருக்கிறார்கள்.

அதிகமாகக் கொண்டால் போதை தருவது எதுவோ அதில் சிறிதளவும் கூடாது என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை நம் பெரியவர்கள் நெஞ்சில் பதிந்திருக்கிறது. அந்த அச்சம் ஈமானிலிருந்து வருவது. அதை நாம் கேலி செய்ய மாட்டோம். அதோடு இந்நாட்டுப் பெரியவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சண்டுக் கடைகளைப் பற்றித் தம் தகப்பன்மாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அபினை விற்கும் உரிமையை வெள்ளைக்காரர் ஆட்சி குத்தகைக்கு விட்டுப் பணம் பார்த்தது, 1910 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் தானே அந்த வியாபாரத்தை ஏற்று நடத்தியது. குழாயோடு சுருண்டு கிடந்த கூலிகளின் கதை கேட்டவர் அபின் என்ற சொல்லுக்கே நடுங்குவதில் வியப்பில்லை.

ஆயினும், கசகசாச் செடியின் பாலிலிருந்தே மார்பினும் கோடீனும் வருகின்றன. டிராமடோல், ஆக்ஸிகோடோன் முதலியவை இதே வழியில் வேலை செய்யும்படி மனிதன் செய்து கொண்டவை. மூளையிலும் முதுகுத் தண்டிலும் வலிச் செய்தி போகும் வழியை அடக்குவது இவற்றின் வேலை. அதே வேலையைச் செய்யும்போது தூக்கத்தைத் தருகின்றன, குடலை மந்தமாக்குகின்றன, அளவு மீறினால் மூச்சையும் மந்தமாக்குகின்றன. உயிர் போவது இந்தக் கடைசி வழியாகத்தான்.

நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஷரீஅத்தின் சட்டம். அதோடு ஒட்டிய இன்னொரு சட்டமும் உண்டு. நிர்ப்பந்தத்தினால் கிடைத்த அனுமதி, நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான். முதற் சட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்களே நம்மில் அதிகம். பெரியவர் முதற் சட்டத்தை மறந்தார். இளைஞர் இரண்டாவதை மறந்தார்.

அளவு என்றால் என்ன என்று வியாபாரிகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தராசில் ஒரு மணி கூடினாலும் உங்களுக்குத் தெரியும். மாத்திரை டப்பாவின் மேலுள்ள சீட்டிலும் அதே போல மூன்று அளவுகள் எழுதியிருக்கின்றன: ஒரு வேளைக்கு எத்தனை, எத்தனை மணிக்கு ஒரு முறை, எத்தனை நாள். ஆறு மணிக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தால் நான்கு மணியில் வலி திரும்பினாலும் இன்னொன்றைப் போடலாகாது. டாக்டருக்கோ ஆஸ்பத்திரிக்கோ போன் செய்து கேட்க வேண்டும். வலி இல்லாத வேளையில், சீட்டில் எழுதியிருக்கிறதே என்று கணக்கை முடிப்பதற்காக விழுங்க வேண்டியதுமில்லை. தேவைப்பட்டால் மட்டும் என்று எழுதியிருந்தால் அதற்குப் பொருள் அதுவே. நீண்ட நேரம் வேலை செய்யும்படி செய்த மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்குரிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

நாள் கணக்கு விஷயத்தில் அமெரிக்கர்கள் பெரும் விலை கொடுத்துப் பாடம் கற்றார்கள். 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரை அங்கே விற்பனைக்கு வந்தது. மற்ற மருந்துகளைப் போல இது அடிமைப்படுத்தாது என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். 2007-ல் அக்கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டு, சுமார் 60 கோடி டாலர் கட்டியது. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு விற்றவரைக் கண்டித்த சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். நனைந்த தானியத்தால் கெடுவது ஒரு நாள் சோறு. இந்தச் சரக்கின் குறையை மறைத்ததால் கெட்டவை எத்தனை குடும்பங்கள்!

அதன் பின் 2016-ல் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் டாக்டர்களுக்கு வழிகாட்டியபோது, திடீரென்று வரும் வலிக்கு மூன்று நாளோ அதற்குக் குறைவாகவோ பெரும்பாலும் போதும் என்றும், ஏழு நாளுக்கு மேல் தேவைப்படுவது அரிது என்றும் சொன்னது. பெரிய ஆபரேஷன், புற்றுநோய் ஆகியவற்றின் கணக்கு வேறு. சாதாரண வலிக்கு எழுதிய மாத்திரை பத்தாம் நாளும் கேட்கிறதென்றால், கேட்பது காயமா அல்லது பழக்கமா என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் பேச வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தவர் தாமாகவே சட்டென்று நிறுத்துவதும் நல்லதன்று. படிப்படியாகக் குறைக்கும் விதத்தை அவரே சொல்லுவார். சரக்கு வாங்கும்போது பத்துக் கேள்வி கேட்கும் நாம், டாக்டர் முன்னால் மட்டும் ஏன் ஊமையாகி விடுகிறோமோ தெரியவில்லை.

இன்னொரு கணக்கு. அபின் வகை மருந்தைப் பல நேரம் பராசிட்டமாலோடு சேர்த்தே மாத்திரையாகச் செய்கிறார்கள். டிராமடோல் 37.5 மில்லிகிராம், பராசிட்டமால் 325 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை ஒன்று உண்டு. அதை ஒருவர் நாளொன்றுக்கு எட்டு எடுத்தால் பராசிட்டமால் மட்டும் 2600 ஆகிறது. தலைவலி என்று கல்லாப்பெட்டியில் கிடக்கும் பனடோல் 500-ல் இரண்டிரண்டாக மூன்று வேளை போட்டால் அதில் 3000. கூட்டினால் 5600. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாள் வரம்பு 4000 தான், மெலிந்தவருக்கும் ஈரல் நோய் உள்ளவருக்கும் அதிலும் குறைவு. ஈரல் கெடும்போது முதலில் வலி கூடத் தெரியாது. பேரேட்டில் ஒரே செலவை இரண்டு பெயரில் எழுதினால் கணக்கப்பிள்ளையைக் கடிந்து கொள்வோமே, இதுவும் அந்தத் தவறுதான்.

தூக்க மாத்திரை, மன அமைதிக்கு உண்ணும் மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் இருமல் மருந்து, இவற்றோடு அபின் வகையைச் சேர்த்தால் மூச்சு இன்னும் அதிகமாக அடங்கும். மது விஷயத்தை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்கள், இரவில் மூச்சு நின்று நின்று குறட்டை விடுகிறவர்கள், மனச்சோர்வுக்கு மருந்து உண்பவர்கள் ஆகியோர் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நம் கடைத்தெருக்களில் முதல் வகையினர் எவ்வளவு பேர் என்பது நமக்கே தெரியும். கோடீனும் டிராமடோலும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கத் தக்கவையல்ல. பாலூட்டும் தாய்மார்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். சிலருடைய ஈரல் கோடீனை மிக விரைவாக மார்பினாக மாற்றிவிடும். அப்படிப்பட்டவர் யார் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது.

மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். தண்ணீர், பழம், கீரையோடு, தேவையானால் அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்கிக் கொள்வது நலம். கூட்டின் மேலுறை எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்ற சந்தேகம் வந்தால், மருந்தை விட்டுவிட வேண்டாம். அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா என்று மருந்தாளரிடம் கேட்டால் பல நேரம் கிடைக்கும்.

தலை சுற்றி, தூக்கம் வந்து, ஓதுவது இன்னதென்று தெரியாத நிலையில் தொழுகையை நெருங்க வேண்டாம் என்ற இறை கட்டளையின் கருத்தை இங்கே நினைவு கொள்க. மருந்தின் வேகம் தணிந்த நேரத்தை வக்தோடு பொருத்திக் கொள்ளலாம், நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். வண்டி ஓட்டலாகாது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கலாகாது. நாணயமாற்றுக் கடையில் உட்கார்ந்து நோட்டு எண்ணுவதும், பத்திரத்தில் கையெழுத்திடுவதும் கூட இரண்டு நாள் பொறுக்கட்டும். ரமலானில் ஒரு விபரீதம் நடக்கிறது. பகல் வேளை மாத்திரை தவறிவிட்டதென்று நோன்பு திறந்ததும் இரண்டு வேளைக்குரியதைச் சேர்த்து விழுங்குகிறார்கள். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்ய அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். நோன்பு நோற்கத்தான் வேண்டுமென்றால், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப டாக்டர் வேளையை மாற்றித் தரட்டும். நாமாகச் சேர்க்கக் கூடாது.

இனி அந்த இளைஞர் விஷயம். ஓர் உணவுக்கடையில் வேலை பார்த்த பிள்ளைக்குக் கடுமையான பல்வலி. முதலாளி நல்லவர், இரக்கமுள்ளவர். புற்றுநோயால் மௌத்தான தம் தகப்பனாரின் மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்ததை நினைத்து, "தம்பி, இது நல்லா கேட்கும், இரண்டு போட்டுக்கிட்டுப் படு" என்று கொடுத்தார். மாதக்கணக்கில் மார்பினுக்குப் பழகிய உடம்புக்கென்று எழுதிய அளவு அது. பையனோ அதுவரை பனடோலைத் தவிர வேறு கண்டதில்லை. பல்வலிக்கு அபின் வகை தேவைப்படுவதே குறைவு, வேறு சாதாரண மருந்துகளே நன்கு கேட்கும் என்று பல் டாக்டர்கள் சொல்வது முதலாளிக்குத் தெரியாது. இருமல் இருந்ததால் பையன் இருமல் மருந்தும் குடித்திருந்தான். இரவு அவனிடமிருந்து கொறகொறவென்று விநோதமான குறட்டை வந்தது. உடன் தங்கியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் விளக்கைப் போட்டுப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தட்டி எழுப்பியும் எழவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் நீண்ட இடைவெளி. உடனே 995-க்கு அழைத்தார். வந்தவர்கள் அபினின் வேகத்தை முறிக்கும் நலாக்ஸோன் என்னும் மருந்தைச் செலுத்தி, மூச்சுக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தான்.

அந்த அறையில் இருந்த மற்றொருவர் முகத்தில் தண்ணீர் தெளித்து வாயில் கோப்பி ஊற்றப் போனாராம். அப்படிச் செய்யக் கூடாது, அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, வண்டி வரும் வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூச்சு நின்றால் போனில் பேசுபவர் சொல்கிறபடி செய்ய வேண்டும். மலேசியாவில் எண் 999. "தூங்கட்டும், காலையில் பார்ப்போம்" என்பது பலரைக் கொன்ற வார்த்தை. எழுந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். நலாக்ஸோனின் வேகம் முதலில் தணிந்து, மாத்திரையின் வேகம் மறுபடி தலைதூக்கக் கூடும்.

முதலாளி பிறகு நம்மிடம் அழுதார். "ஸதகா என்று நினைத்துக் கொடுத்தேன்" என்றார். ஒருவர் நம்மிடம் பாதுகாக்கக் கொடுத்த பொருளை இன்னொருவருக்குத் தர்மம் செய்ய நமக்கு உரிமை ஏது? டாக்டர் எழுதிய மாத்திரை அந்தப் பெயருக்கும், அந்த வலிக்கும், அந்த நாட்களுக்கும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நோயாளி மௌத்தாகிவிட்டால் அவருடைய கடிகாரம் வாரிசுக்குச் சேரும், மாத்திரை சேராது. வீட்டில் இருக்கும் வரை பூட்டி வையுங்கள். எத்தனை இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். பேரப்பிள்ளைகள் மிட்டாயென்று எடுத்த சம்பவங்களும் உண்டு.

ஊருக்கும் ஹஜ், உம்ராவுக்கும் போய் வரும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 1973-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம், மலேசியாவில் 1952-ஆம் வருஷத்து அபாயகர மருந்துச் சட்டம், இந்தியாவில் 1985-ஆம் வருஷத்துச் சட்டம் ஆகியவை இந்த மருந்துகளையும் பார்த்துக் கொண்டுதான் இருக்கின்றன. டிராமடோலை இந்தியா 2018-ல் அக்கட்டுப்பாட்டில் சேர்த்தது. சவூதி அரேபியாவிலும் அமீரகத்திலும் இவற்றைக் கொண்டு போக முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூருக்குள் கொண்டு வரும் சிலவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவை. உங்களுக்கென்று எழுதிய மருந்தானாலும் டாக்டர் சீட்டு, அசல் டப்பா, தேவையான அளவு மட்டும் என்று பயணத்துக்கு முன்பே விசாரித்துச் செல்லுங்கள். "மச்சான், எங்க உம்மாவுக்கு இந்த மாத்திரைப் பொட்டலத்தைக் கொண்டு போய்க் கொடுத்துடுங்க" என்று கடைசி நிமிஷத்தில் நீட்டுகிறவர் சொந்தத் தம்பியானாலும், பிரித்துப் பார்க்காமல், சீட்டில்லாமல் வாங்காதீர்கள். முறைத்துக் கொண்டால் முறைத்துக் கொள்ளட்டும்.

மிச்சத்தை என்ன செய்வது? மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகங்களில் திரும்பப் பெற்றுக் கொள்கிறார்கள். மற்ற இடத்தில் உங்கள் மருந்தாளரைக் கேளுங்கள். வேறு வழியில்லையென்றால், உறையிலிருந்து எடுத்து, வடித்த தேயிலைச் சக்கையோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம், பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு.

முதலில் சொன்ன அந்தப் பெரியவர் இப்போது நலம். இரண்டாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, ஹஜ்ரத் ஒருவரை வீட்டுக்கு அழைத்து மஸ்அலா கேட்டுத் தெளிந்து, ஒரு நோட்டில் மணி எழுதி, நான்கு நாள் எண்ணி எண்ணி மாத்திரை எடுத்தார். ஐந்தாம் நாள் வலி தாங்கக் கூடியதாயிற்று. அன்று அஸர் தொழுதுவிட்டு, மிச்சமிருந்த ஆறு மாத்திரைகளையும், முதலில் திறக்காமல் வைத்திருந்த பழைய டப்பாவையும் மகனிடம் கொடுத்து, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்து வரச் சொன்னார். "எண்ணிக் கொடுத்தாயா?" என்று அவன் திரும்பி வந்ததும் கேட்டாராம்.